பூத்தால் மட்டுந்தான் குறிஞ்சியா?

மலைப்பக்கம் எங்கேனும் ஊதா நிறத்தில் ஒரு பூ தலைகாட்டிவிட்டால் போதும். மறுநாட் காலையில் 'குறிஞ்சி பூத்தது' என்று செய்தித்தாள்கள் கொட்டை எழுத்தில் முழங்கத் தொடங்கிவிடும். அஃது என்ன செடி, இலை எவ்வாறிருந்தது, பூ கதிராய் நின்றதா கொத்தாய்த் தொங்கியதா, புல்வெளியில் நின்றதா சோலை நிழலில் நின்றதா என்று ஒருவரும் கேட்பதில்லை. ஊதா நிறம், மலை, ஆகவே குறிஞ்சி. இவ்வளவே நந்தமிழர் இன்று எய்தியிருக்கும் செடியறிவு! மாசி பங்குனியில் கோடைக்கானல், உதகை, மூணாற்றுச் சாலையோரங்களில் இலையுதிர்த்து ஊதா மயமாய் நிற்கும் சகரண்டா மரத்தைக் காட்டிக்கூட, 'இதுதான் குறிஞ்சி' என்று தம் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் தந்தையரைக் கண்டிருக்கின்றோம். அது தென்னமெரிக்காவிலிருந்து வெள்ளையர் கொணர்ந்து நட்ட மரம். குறிஞ்சியோ மரமே அன்று.

இதைப் பெருங்குற்றமாய் எடுத்துப் பேச வேண்டுமா என்று சிலர் முகஞ்சுளிக்கலாம். வேண்டும். ஒரு நிலத்திற்கே தன் பெயரைத் தந்த பூ அது. ஒரு திணைக்கும், ஒரு பண்ணிற்கும், ஓர் யாழிற்கும் அதன் பெயரே வழங்கிற்று. உலகில் எந்த இனம் தன் நாட்டை மலையென்றும் காடென்றும் வயலென்றும் கடலென்றும் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒரு பூவின் பெயரால் அழைத்தது? அவ்வாறு அழைத்தவரின் பேரப்பிள்ளைகள், மேடையேறிக் 'குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை' என்று ஒரே மூச்சில் ஒப்பிப்பர். இறங்கி வந்து மலைச்சரிவில் அந்தக் குறிஞ்சிச் செடியின் மேலேயே காலை வைத்து நடந்தாலும் இன்னதென்று அறியார். புலவர் பட்டம் பெற்றவரும் இதற்கு விலக்கல்லர். பள்ளிப் பிள்ளைகள் கையாளும் அகரமுதலிகளைப் புரட்டிப் பார்மின். பூப்பெயர் பலவற்றிற்கும் எதிரே 'ஒருவகைப் பூ', 'ஒருவகைச் செடி', 'ஒருவகை மரம்' என்றே பொருள் எழுதியிருக்கும். எந்த வகை? அதைச் சொல்லத்தானே அகரமுதலி!

நம் முன்னோர் அவ்வாறு எழுதவில்லை. குறுந்தொகையின் மூன்றாம் பாட்டைத் தேவகுலத்தார் பாடினார். நான்கே அடி. காதலின் பெருமையை அளக்கப் புகுந்த அச்சிறு பாட்டின் இறுதியில் குறிஞ்சி வருகின்றது. வருகின்றபோதே அச்செடிக்கு மூன்று அடையாளங்களை அவர் தந்துவிடுகின்றார். அது மலைச்சாரலில் நிற்பது; அதன் தண்டு கருமையானது; அதன் பூவிலிருந்து தேனீ மிகுந்த தேனைத் திரட்டும். வாழிடம், தண்டு, பூவின் பயன் ஆகிய இம்மூன்றும் இன்றைய செடியியலார் முதற்கண் குறித்துக்கொள்ளும் செய்திகளே அல்லவா? பூவின் நிறத்தை அவர் சொல்லவில்லை என்பதைக் கருதிப் பார்க்க வேண்டும். நிறத்தை யாரும் காண்பர். தண்டைக் காண்பவனே செடியைக் கண்டவன். நாமோ அவர் விட்டுவிட்ட நிறத்தை மட்டும் பிடித்துக்கொண்டு, சொன்ன மூன்றையும் விட்டுவிட்டோம்.

கபிலர் குறிஞ்சிப்பாட்டில் தொண்ணூற்றொன்பது பூக்களை வரிசைப்படுத்தியது எல்லார்க்கும் தெரியும். ஆரிய அரசன் ஒருவனுக்குத் தமிழ் அறிவித்தற்பொருட்டு அவர் அப்பாட்டைப் பாடினார் என்பது அதன் அடிக்குறிப்பு தரும் செய்தி. அயலவனுக்குத் தமிழைக் கற்பிக்க வேண்டுமானால் தமிழனின் மலையையும் மலையின் பூவையும் கற்பித்தாக வேண்டும் என்று கபிலர் நினைத்தார். இன்று அத்தொண்ணூற்றொன்பதில் பத்துப் பூவை நேரிற் கண்டு பெயர் சொல்லத் தக்க தமிழாசிரியர் ஒரு மாவட்டத்திற்கு எத்தனைபேர் தேறுவர்? பூ ஒன்றின் பருவத்தையே அரும்பு, முகை, மலர், அலர், வீ, செம்மல் என்று படிப்படியாய்ப் பிரித்துப் பெயரிட்ட மொழி இது. தொல்காப்பியர் மரபியலில், புறத்தே வயிரம் உடையவற்றைப் புல் என்றும் அகத்தே வயிரம் உடையவற்றை மரம் என்றும் வகுத்து, இவ்வுறுப்பின் பெயர் இதற்கு உரியது, அவ்வுறுப்பின் பெயர் அதற்கு உரியது என்று வரையறையும் செய்தார். அத்தனைக் கூர்மையான கண் நமக்கு இருந்தது. அந்தக் கண்ணுக்கு என்ன நேர்ந்தது?

இனி, செடியைக் காண்போம். செய்தித்தாள் படத்தை மறந்துவிடுக.

குறிஞ்சி ஒரு குறுஞ்செடி. காற்று வீசியடிக்கும் திறந்த புல்வெளிச் சரிவுகளில் முழங்காலளவு, மிஞ்சினால் இடுப்பளவு வளரும். ஒதுக்கான இடங்களில் அதனினும் உயரும். ஏறத்தாழ 1300 மீட்டருக்கு மேற்பட்ட மலைகளே அதன் வாழிடம். பழனிமலை, நீலமலை, ஆனைமலை, மூணாற்றை அடுத்த இரவிகுளம், வட்டவடைப் பகுதிகள் அதன் தாயகம். கீழைமலைத் தொடரில் ஏர்க்காட்டிலும் உண்டு. நெருக்கமாய், ஒன்றோடொன்று தோள் உரசி, ஒரு சரிவு முழுவதையும் போர்த்தி நிற்கும். தனித்து ஒரு செடி நின்றால் ஐயுறுக. சோலைக்குள் மரநிழலில் நின்றாலும் ஐயுறுக.

இலைகள் எதிரெதிரே இணையிணையாய் அமைந்திருக்கும். ஓர் இலையைத் தொட்டுப் பார்த்தால் தடித்திருக்கும். மெல்லிய தாள்போல் மடங்காது. முட்டை வடிவு அல்லது நீள்முட்டை வடிவு. நீளம் பெரும்பாலும் விரலளவைத் தாண்டாது. விளிம்பு வழவழப்பாய் இராது. சிறு சிறு மழுங்கிய பற்களாய் வெட்டுண்டிருக்கும். பக்க நரம்புகள் ஆழப் பதிந்து மேற்புறம் வரிவரியாய்த் தெரியும். இனித்தான் தலையாய அடையாளம்: இலையைத் திருப்பிப் பாருங்கள். அடிப்புறம் வெளுத்து, பஞ்சு ஒட்டினாற்போன்ற மென்மயிர் அடர்ந்திருக்கும். குறிஞ்சியின் உறவுச் செடிகள் பலவற்றில் இவ்வளவு அடர்ந்த பஞ்சு இராது. நிழலில் வளரும் உறவுச் செடிகளின் இலை அகன்று, மெலிந்து, நீண்ட கூர்நுனியோடு இருக்கும். சிலவற்றைத் தொட்டால் பிசுபிசுக்கும். கசக்கினால் ஒரு நெடி எழும். ஆகவே, பூ ஒன்றுகூட இல்லாத நாளிலும் இலையைத் திருப்பிப் பார்க்கத் தெரிந்தவனுக்குக் குறிஞ்சி தன்னைக் காட்டிக்கொள்ளும்.

பூவோ, தண்டின் நுனியிலும் இலைக்கக்கத்திலும் எழும் கதிர்களில் அடுக்கடுக்காய் விரியும். ஒவ்வொரு பூவின் அடியிலும் ஒரு சிற்றிலை தாங்கி நிற்க, அச்சிற்றிலைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து, விரியாத கதிர் ஒரு சிறு கூம்பு போலத் தோன்றும். அயல்நாட்டார் இச்செடியினத்திற்கு இட்ட பெயரும் கிரேக்க மொழியில் 'கூம்புப்பூ' என்றே பொருள்படும். புல்லி ஐந்து பிளவுகளை உடையது. அல்லி ஒரு மணி வடிவினது. வாயில் ஐந்து மடல்களாய் விரியும். நிறம் நீலமும் ஊதாவும் கலந்தது. ஆடி இறுதி தொட்டு ஐப்பசி வரை பூக்காலம். பூத்தபின் காய் முற்றி வெடித்து விதை சிதறும். செடி முழுவதும் காய்ந்து மடியும். மறுமழையில் விதைகள் முளைக்கும். மறுபடி பன்னீராண்டு.

ஆண்டுக் கணக்கைக் கொண்டே குறிஞ்சியை அறிந்துவிடலாம் என்போரும் உளர். 1838 தொடங்கி 2018 வரை பதினாறு பூப்புகளின் ஆண்டுகள் எண்ணப்பட்டுள்ளன என்பது மெய்யே, 1970, 1982, 1994, 2006, 2018 என்று பிறழாமல் வருகின்றது அவ்வரிசை, அடுத்தது 2030. ஆனால் அக்கணக்குப் பழனிமலைக்கும் மூணாற்று மலைகளுக்கும் உரிய பெருங்கூட்டத்தின் கணக்கு. நீலமலையிலும் இடுக்கி மலைகளின் வேறு சில முகடுகளிலும் உள்ள கூட்டங்கள் தத்தம் கணக்கில் தனியே பன்னீராண்டு எண்ணுகின்றன. இவையன்றி, குறிஞ்சியின் உறவுச் செடிகளில் ஆண்டுதோறும் பூப்பவை உண்டு. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பூப்பவையும் உண்டு. மராட்டிய மலைகளிற் 'கார்வி' என்று வழங்கும் உறவுச் செடி எட்டாண்டுக்கு ஒருமுறை பூக்கின்றது. எனவே 2020-இலும் 2021-இலும் 2022-இலும் இடுக்கி மலைகளில் குறிஞ்சி பூத்ததென்று செய்தி வந்தபோது, 'பன்னீராண்டு ஆகவில்லையே, பொய்' என்று தள்ளுவதும் பிழை. 'ஊதாவாய் இருக்கிறதே, மெய்' என்று கொள்ளுவதும் பிழை. இலையைத் திருப்பிப் பார்த்தவர் சொல்லட்டும்.

இவ்வளவு விரித்துரைப்பது வெறுஞ் செடிநூற் பாடத்திற்காக அன்று. ஒரு செடி பன்னீராண்டில் ஓராண்டே பூக்கின்றது. அதிலும் சில திங்களே. எஞ்சிய பதினோராண்டும் அது பச்சைப் புதராய்த்தான் நிற்கின்றது. அந்தப் பதினோராண்டில்தான் அதற்குத் தீ வைக்கின்றார்கள், வேரோடு பெயர்த்து வண்டிப்பாதை போடுகின்றார்கள், அதன்மேல் தங்கும் விடுதி கட்டுகின்றார்கள், மரம் நடுகின்றார்கள். கேட்டால் 'வெறும் புதர்தானே' என்கின்றார்கள். பூத்த ஆண்டில் வந்து படம்பிடித்துக்கொண்டு போன இலக்கக் கணக்கான மாந்தருள் ஒருவராவது பூவில்லாத ஆண்டில் அந்தப் புதரைக் கண்டு, 'கை வையாதே, இது குறிஞ்சி' என்று சொல்லத் தெரிந்தவர் உண்டா? பூவை மட்டும் அறிந்தவன் அழிவைத் தடுக்க உதவான். இலையை அறிந்தவனே உதவுவான்.

நேர்ந்த அழிவும் சிறிதன்று. வெள்ளையன் காலத்தில் நீலமலையிலும் மூணாற்றிலும் தேயிலைக்கென்று மலைமலையாய்ப் புல்வெளி திருத்தப்பட்டது. பின்னர்ச் சீகை என்று மலையிலுள்ளார் வழங்கும் வாட்டில் மரமும், யூக்கலிப்டசும், பைன் மரமும், தோல் பதனிடவும் விறகுக்கும் ஆலைகளுக்கும் என்று புல்வெளிகளில் நடப்பட்டன. வெள்ளையன் போனபின் நம் அரசுகளே அப்பணியை இன்னும் விரைவாய்ச் செய்தன. மரமில்லாத இடம் பாழ்நிலம் என்று அலுவலர்கள் எண்ணினார்கள்! புல்வெளியும் ஒரு காடே என்பதும், மழைநீரைப் பஞ்சுபோல் உறிஞ்சி ஓடைக்குச் சிறுகச் சிறுக விடுவது அதுவே என்பதும், குறிஞ்சிக்குத் திறந்த வெயில் வேண்டும் என்பதும் அவர்களுடைய ஏட்டில் இல்லை. சீகை நிழல் விழுந்த இடத்தில் குறிஞ்சி முளையாது. இன்று அச்சீகையை வெட்டியெறியவும் அரசுப் பணமே செலவாகின்றது. நட்டதற்கும் செலவு, வெட்டுவதற்கும் செலவு.

காப்பு என்ற பெயரில் நடந்தவற்றையும் சொல்ல வேண்டும். 2006-இல் பூத்தபோது கேரள அரசு வட்டவடை, கொட்டாக்கொம்பூர் ஊர்களை அடுத்து 3200 எக்டேரைக் 'குறிஞ்சிமலை' காப்பிடம் என்று அறிவித்தது. தமிழர் பெருந்தொகையினராய் வாழும் மலையூர்கள் அவை. அறிவித்ததோடு சரி, எல்லை எது, உழவர் நிலம் எது, வளைத்துக்கொண்டவர் நிலம் எது என்று அளந்து தீர்க்காமல் ஆண்டுகள் ஓடின. 2017-இல் அதன் பரப்பைச் சுருக்குவது பற்றிய பேச்செழுந்து பெரும்பூசலாயிற்று. அங்குக் காலங்காலமாய்ப் பூண்டும் கிழங்கும் பயிரிட்டுவரும் எளிய உழவனையும், பொய்யாவணம் காட்டி மலையை வளைத்த பெரும்புள்ளியையும் ஒரே தட்டில் வைத்து எடைபோடுவது முறையன்று என்பது எம் கருத்து. தமிழகத்தில் 2013-இல் கோடைக்கானல் காட்டுயிர்க் காப்பிடம் அறிவிக்கப்பட்டது. 2023-இல் இந்திய ஒன்றிய அரசு குறிஞ்சியைக் காட்டுயிர்க் காப்புச் சட்டத்தின் மூன்றாம் பட்டியலில் சேர்த்தது. வேரோடு பறித்தாலோ அழித்தாலோ மூன்றாண்டுச் சிறையும் 25,000 உருபா தண்டமும் என்று அறிவித்தார்கள். உலக இயற்கைக் காப்பொன்றியமும் 2024-இல் அதனை அழிவிற்கு ஆட்படக்கூடிய இனமாய் மதிப்பிட்டுள்ளது. சட்டம் வந்தது நன்றே. ஆனால் சாலைபோட வரும் பொறியாளர்க்கும், புல்வெளியில் வண்டி ஓட்டி விளையாட வரும் நகரத்து இளைஞர்க்கும், ஏன், காவலுக்கு நிற்கும் காவலர்க்கும் பூவில்லாக் குறிஞ்சியை அடையாளம் காட்டுவார் யார்? காணத் தெரியாத ஒன்றைக் காப்பது எங்ஙனம்?

இவ்விடத்தில் ஆங்கிலங் கற்ற அறிவர் சிலர் குறுக்கிட்டு, 'இதற்கெல்லாம் இலத்தீன் பெயரே உறுதியானது. தமிழ்ப்பெயர் ஊருக்கு ஊர் மாறும். அதைக் கொண்டு அறிவியல் நடத்த முடியாது' என்பர். கேட்போம். குறிஞ்சியை முதலில் நூலில் ஏற்றிய செருமானியரான நீசு என்பார் அதற்கு இட்ட இனப்பெயர் வேறு. பின்வந்தோர் அதனைச் 'சுட்டிரோபிலாந்தசு' என்னும் பேரினத்துட் சேர்த்தனர். 1944-இல் பிரெமகாம்பு என்பார் அப்பேரினத்தைப் பல துண்டாக்க, குறிஞ்சி மறுபடி பழைய பெயருக்குப் போயிற்று. பின்னர் வந்தோர் துண்டுகளை ஒட்ட, அது திரும்பவும் சுட்டிரோபிலாந்தசு குந்தியானா ஆயிற்று. இருநூறாண்டிற்குள் இத்தனை இடப்பெயர்ச்சி! தேவகுலத்தார் வழங்கிய 'குறிஞ்சி' ஈராயிரம் ஆண்டாய் ஓரிடத்தில் நிற்கின்றது. மாறுவது எது, மாறாதது எது?

ஆயினும் அவர்கள்பால் ஓர் உண்மை உண்டு; அதை மறைப்பது நேர்மையன்று. அவர்கள் பெயரை மாற்றியது மீண்டும் மீண்டும் செடியைப் பார்த்தமையால். நம் பெயர் மாறாதது நாம் பார்ப்பதையே விட்டமையால். குறிஞ்சியின் உறவுச் செடி ஒவ்வொன்றுக்கும் அவர்களிடம் தனித்தனிப் பெயர் உண்டு. நம் நூல்களில் அத்தனைக்கும் சேர்த்துக் 'குறிஞ்சி' என்னும் ஒரே பெயர்தான். 'நீலக்குறிஞ்சி' என்று அடைகொடுத்து வழங்குவதும் இக்குறையால் வந்ததே. நீலம் நம் சொல்லே. அதனோடு எமக்குப் பூசலில்லை. ஆனால் உறவுச் செடி பலவும் நீலமாய்ப் பூக்கும்போது அவ்வடை எதைப் பிரித்துக்காட்டிற்று? கருந்தண்டையோ வெண்பஞ்சிலையையோ கொண்டு அடை கொடுத்திருந்தாலாவது பயன் விளைந்திருக்கும்.

இன்னொன்றையும் சொல்லாமற் செல்ல மனமில்லை. இராபர்ட்டு வைட்டு என்னும் இசுக்காட்லாந்து மருத்துவர் 19-ஆம் நூற்றாண்டில் தென்னாட்டுச் செடிகளை நூல்நூலாய் வெளியிட்டுப் புகழெய்தினார். அந்நூல்களின் படங்களை வரைந்தோர் அரங்கையா, கோவிந்து என்னும் இந்நாட்டு ஓவியர் இருவர். இலையின் பல்லையும் பூவின் மயிரையும் எண்ணி எழுதிய கை அவர்களுடையது. குறிஞ்சி சேர்ந்துள்ள அதே குடும்பத்தில் 'அரங்கியா' என்று ஓர் இனத்திற்கே அவ்வோவியர் பெயரை நீசு இட்டிருக்கின்றார். அயலார் நினைவு வைத்துக்கொண்ட அப்பெயரை நம் பாடநூல்கள் ஓரிடத்திலும் சொல்வதில்லை. தமிழில் இத்துறையில் யாரும் உழைக்கவில்லை என்பதும் அன்று. பி. எல். சாமி 1967-இல் கழக இலக்கியச் செடிகொடிகளை ஆய்ந்து நூல் தந்தார். கு. சீனிவாசனின் நூலைத் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1987-இல் வெளியிட்டது. திருச்சித் தூய வளனார் கல்லூரியின் இராப்பினா உலர்செடியகத்தில் மத்தேயு அடிகளார் பழனிமலைச் செடிகளைத் தொகுத்து 1999-இல் நூலாக்கினார். அஃது ஆங்கிலத்தில் உள்ளது. இவற்றைப் பள்ளிப் பாடத்திற்குள் கொணர எந்த அரசு முனைந்தது?

செய்ய வேண்டியது மலையளவு பணியன்று. பழனிமலையின் பளியரும் மூணாற்று மலைகளின் முதுவரும் குறிஞ்சிப் பூப்பை எண்ணித் தம் அகவையைச் சொல்லி வந்த மக்கள். உறவுச் செடிகளுக்கு அவர்கள் வாயில் பெயருண்டு. அப்பெயர்கள் முதியோரோடு மறைந்துகொண்டிருக்கின்றன. தமிழாசிரியரும் செடியியல் மாணாக்கரும் இருவர் இருவராய்ச் சென்று அவற்றைக் கேட்டு எழுத வேண்டும். நம் வழக்கப்படி திருத்தாமல், அவர்கள் ஒலிக்கும்படியே எழுத வேண்டும். செடியைப் பறிக்க வேண்டா. சட்டமும் தடுக்கின்றது, தேவையும் இல்லை. நின்ற இடத்திலேயே நான்கு படம் எடுத்தாற் போதும்: செடி முழுவதும், தண்டு, இலையின் மேற்புறம், திருப்பிப் பிடித்த அடிப்புறம். பூ இருந்தால் ஐந்தாவதாய்க் கதிர். ஊர், முகடு, நாள், பெயர் சொன்னவரின் குடி ஆகியவற்றைக் குறித்து, அருகிலுள்ள கல்லூரி உலர்செடியகத்திற் காட்டி இனத்தை உறுதி செய்துகொண்டு, தமிழ்ப்பெயரையும் இலத்தீன் பெயரையும் ஒரே வரியில் எழுதிவைக்க வேண்டும். 2018-இல் சிதறிய விதையிலிருந்து எழுந்த செடிகள் பழனிமலைச் சரிவுகளில் இப்பொழுது பூவின்றிப் பச்சைப் புதராய் நிற்கின்றன. அவை பூக்கும் 2030 வரை காத்திராமல், இவ்விடுமுறையிலேயே தொடங்கலாம்.